ஆடிப் பெருக்கும் அரிசி மூட்டையும்

ஆடி மாதம் பதினெட்டாம் நாள் வந்துவிட்டால் திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் வீட்டுக்குள் அடங்கியிருப்பவர்கள் சொற்பம். அம்மா மண்டபத்துப் படித்துறையில் எள் விழ இடமிராது. புதுமணத் தம்பதிகள் ஒரு புறம், மஞ்சள் சரடு மாற்றிக்கொள்ளும் சுமங்கலிகள் ஒரு புறம், சப்பரம் இழுக்கும் குழந்தைகள் ஒரு புறம். காவேரியம்மைக்கு மசக்கை என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆகையால் புளியோதரை, எலுமிச்சம்பழச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் என்று வகைவகையாகச் சித்திரான்னம் சமைத்து எடுத்துச் சென்று, அவளுக்குப் படைத்துவிட்டு நாம் உண்கிறோம். பெருகி வரும் நதியைக் கண்டு மிரளாமல், அதற்குச் சோறு படைத்துக் கொண்டாடும் பெருமை நம்முடையது.

அந்த நதியே நம்மைச் சோறின்றித் தவிக்க விடும் நாளும் உண்டு. ஆனால் அந்த நாளைப் பற்றிப் படித்துறையில் யாரும் பிரஸ்தாபிப்பதில்லை. மங்கள வேளையில் அமங்கலம் பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். வெள்ளம் வந்த பிறகு பேசுவதைவிட வருமுன் பேசுவது மங்கலமானதே என்பது நமது அபிப்பிராயம். ஆகவே இவ்வாரம் அதையே எடுத்துக்கொள்கிறோம்.

1924-ம் வருஷம் ஜூலை மாதத்தில் காவேரியில் வந்த வெள்ளத்தைப் பற்றித் தாத்தாக்கள் பேரன்மார்களுக்குக் கதை சொன்ன காலம் ஒன்று இருந்தது. மேட்டூரில் இன்று அணை நிற்கும் இடத்தில் அன்று நொடிக்கு நாலரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் பாய்ந்தது. அந்த அணை 1934-ல் திறக்கப்பட்டதும், இனிமேல் காவேரி கட்டுக்குள் அடங்கிவிட்டாள் என்று பலரும் நிம்மதியடைந்தார்கள். அந்த நிம்மதி முழுவதும் தவறல்ல; ஆனால் பூரண நிம்மதிக்கும் இடமில்லை. 2018-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் மேட்டூர் நிரம்பி, இரண்டு லட்சம் கன அடி அளவில் தண்ணீர் திறந்துவிட நேர்ந்தது. 1928-ல் கட்டிய கொள்ளிடத்து இரும்புப் பாலத்தின் தூண்கள் அந்த வேகத்தில் சரிந்தன. சில தினங்களுக்குள், அதே மாதம் 22-ம் தேதி இரவு, 1836-ல் சர் ஆர்தர் காட்டன் கட்டிய முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் உடைந்து அடித்துச் செல்லப்பட்டன. தொண்ணூறு வருஷம் நின்ற பாலத்தையும் நூற்றெண்பது வருஷம் நின்ற அணையையும் நம்பியிருந்த ஊருக்கு அந்த ஒரே வாரம் போதிய பாடம்.

மேட்டூரிலிருந்து வரும் வெள்ளம் கடிதம் போட்டுவிட்டு வருகிற விருந்தாளி. நூறு மைலுக்கு மேல் நடந்து வரவேண்டியிருப்பதால், புறப்பட்ட செய்தி நமக்கு முன்கூட்டியே கிடைத்துவிடும். தாழ்ந்த கரையில் வசிப்போர் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போக அவகாசம் உண்டு. சொல்லாமல் வருகிற விருந்தாளி வேறு. கோரையாறு, அரியாறு, குடமுருட்டி என்ற பெயர்களை வெளியூரார் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். வருஷத்தில் பெரும்பகுதி மணலும் முட்செடியுமாகக் கிடக்கிற இவ்வாறுகள் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சில மணி நேரத்துக்குள் பொங்கிவிடும். 1977-ம் வருஷம் நவம்பர் 12-ம் தேதி விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கு அருகே கரையேறிய புயல் உள்நாட்டுக்குள் கொண்டுவந்து கொட்டிய மழையில் திருச்சி நகரம் மூழ்கியது இப்படித்தான். 2005 நவம்பரில் மறுபடியும் அதே கதை. கருமண்டபம், உறையூர்ப் பக்கத்தில் அந்நாட்களில் குடியிருந்தவர்களைக் கேட்டால் தண்ணீர் எட்டிய உயரத்தைச் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள்.

"பொன்மலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஆறு எங்கேயோ ஓடுகிறது, நாம் எங்கேயோ இருக்கிறோம்" என்று நம் ஊரார் கேட்கலாம். நாகப்பட்டினத்திலிருந்த தென்னிந்திய ரயில்வேத் தொழிற்சாலையை இங்கே மாற்றி, 1928-ல் வேலை முடித்த நாள் முதல் இது சங்கொலி கேட்டு எழுந்து சங்கொலி கேட்டு உறங்கிய ஊர். இங்கே ஆற்று வெள்ளம் வாசலுக்கு வராமலிருக்கலாம். ஆனால் வெள்ளத்தால் பசிப்பவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்கள் மட்டுமல்லர். அன்றாடக் கூலியை அன்றாடம் வாங்கி அன்றாடம் அரிசி வாங்குகிறவனுக்கு, நாலு நாள் மழை விடாவிட்டால் அதுவே பஞ்சம். காய்கறி வண்டி வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை இல்லை.

2020-ம் வருஷம் கொள்ளைநோய் பரவியபோது காந்தி மார்க்கெட் மூடப்பட்டு, மொத்த வியாபாரம் நம் ஜி கார்னர் மைதானத்துக்கு மாற்றப்பட்டதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அப்போது ஒரு விஷயம் தெளிவாயிற்று. இவ்வளவு பெரிய நகரத்தின் அடுப்புகள் அனைத்தும் ஒரே சந்தையிலிருந்து புறப்படும் மெல்லிய நூலில் தொங்குகின்றன. நூலை அறுப்பது ஆற்று வெள்ளமாயிருந்தால் என்ன, புயலாயிருந்தால் என்ன, நோயாயிருந்தால் என்ன, அடுப்பு அணைவது ஒன்றே.

நம்மிடம் தர்ம சிந்தனைக்குக் குறைவு என்று யாரேனும் சொன்னால் நாம் ஒப்பமாட்டோம். 1867-ம் வருஷம் மே 23-ம் தேதி வடலூரில் இராமலிங்க சுவாமிகள் சத்திய தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. ஸ்ரீரங்கம் கோயிலில் 2012 முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடைபெறுகிறது. அதற்கும் முன்னால், 1982-ம் வருஷம் ஜூலை முதல் தேதி, அப்போதைய முதல் மந்திரி எம். ஜி. ராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்த இடம் எது? பொன்மலைக்கு அடுத்தாற்போலுள்ள பாப்பாக்குறிச்சி! லட்சக்கணக்கான குழந்தைகளுக்குத் தினமும் மதியச் சோறு போடும் ஏற்பாடு நம் பக்கத்து ஊரில் பிறந்தது என்பது நமக்குப் பெருமையல்லவா?

ஆகையால் சோற்றுக்குப் பஞ்சமில்லை, மனத்துக்கும் பஞ்சமில்லை. பின்னே எதற்குத்தான் பஞ்சம்?

2004-ம் வருஷம் டிசம்பர் 26-ம் தேதி ஆழிப்பேரலை வந்து போன சில நாளைக்குள் நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழைய துணி மலை மலையாகக் குவிந்தது. அதை உடுப்பார் இல்லை. நாடெங்குமுள்ள நல்ல மனிதர்கள் அனுப்பிய துணி அது. 2015 டிசம்பரில் சென்னை நகரம் மூழ்கியபோது ஒரு தெருவில் பொட்டலச் சோறு உண்பாரின்றிக் கெட்டது. அதற்கு அப்பாலுள்ள தெருவில் மாடியில் நின்றவர்கள் இரண்டு நாள் பட்டினி. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறித் தென்னையையெல்லாம் முறித்துப் போட்டபோது, திருச்சியிலிருந்தும் லாரி லாரியாக நிவாரணச் சாமான்கள் சென்றன. பெருஞ்சாலையோரத்துக் கிராமங்களில் ஒரே வீட்டுக்கு மூன்று முறை ரொட்டி கிடைத்தது. உள்ளடங்கிய கிராமங்களிலோ எந்த வண்டியும் எட்டிப் பார்க்கவில்லை என்ற குறை எழுந்தது.

இவை மூன்றிலும் குற்றம் கொடுத்தவர் மேலில்லை. எந்தத் தெருவில் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்த ஆள் அந்த நேரத்தில் அங்கே இல்லை. இருந்தாலும் அவர் கையில் பாத்திரம் இல்லை. பாத்திரம் இருந்தாலும் நானூறு பேருக்குச் சமைத்துப் பழக்கம் இல்லை. அரிசி வெளியூரிலிருந்து வரலாம், பணம் வெளிநாட்டிலிருந்தும் வரலாம். அறிமுகமும் பழக்கமும் மாத்திரம் லாரியில் ஏறி வரமாட்டா.

புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்று ஒரு மீனவர் கிராமம் இருக்கிறது. ஆழிப்பேரலை வந்த அன்று, சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர்க்காரர் ஒருவர் அங்கே தொலைக்காட்சியில் செய்தி கண்டு ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். மீனவர்களுக்குக் கடல் நிலவரம் அறிவிப்பதற்காக எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அமைத்திருந்த அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. அதன் மூலம் ஊர் முழுவதையும் எச்சரித்தார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் தப்பித்தார்கள். அந்த ஒலிபெருக்கி ஆழிப்பேரலைக்காக வாங்கி வைத்ததல்ல. அலை எவ்வளவு உயரம், மீன் எங்கே கிடைக்கும் என்று தினந்தோறும் சொல்லிக்கொண்டிருந்ததால் அது பழுதில்லாமல் இருந்தது. அதன் குரலை நம்பி ஓடும் வழக்கமும் ஜனங்களுக்கு இருந்தது. 

அடுப்பு விஷயமும் இப்படியே. தினமும் எரிகிற அடுப்புதான் ஆபத்திலும் எரியும். ஆகவே நாம் சொல்ல வருவது இதுதான்: பொன்மலையிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு சிறு சங்கம் வேண்டும். அது வெள்ளம் வரட்டும் என்று காத்திராமல், வாரம் ஒரு முறையாவது நூறு பேருக்குச் சமைத்துப் பரிமாற வேண்டும். பசித்தவர்களுக்கு அது சோறு. தொண்டர்களுக்கு அதுவே ஒத்திகை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிவாரணத் தொண்டுக்கென்று உலக ஸ்தாபனங்கள் ஒன்றுகூடி வகுத்துள்ள 'ஸ்பியர்' விதிகளின்படி ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோ கலோரி உணவும் 15 லிட்டர் தண்ணீரும் வேண்டும். நம் பக்கத்துச் சாப்பாட்டில் 400 கிராம் அரிசி, 60 கிராம் பருப்பு, 25 கிராம் எண்ணெய், 5 கிராம் உப்பு, இவற்றோடு சிறிது வெல்லமும் காய்கறியும் கடலையும் சேர்ந்தால் ஏறக்குறைய அவ்வளவு வந்துவிடும். நூறு வீடுகள், வீட்டுக்கு நாலு பேர் என்றால் 400 பேர். ஒரு நாளைக்கு அரிசி 160 கிலோ. மூன்று நாளைக்கு 480 கிலோ. அதாவது 25 கிலோ மூட்டை இருபது. பருப்பு 72 கிலோ. எண்ணெய் 30 கிலோ. உப்பு 6 கிலோ. நூறு வீட்டார் சேர்ந்து ஒரு நடுத்தரக் கலியாணத்துக்குச் செலவிடுவதைவிட இது அதிகமாகாது. நாலாம் நாள் சர்க்கார் வண்டியும் வெளியூர் உதவியும் வந்துவிடும். நாம் கடக்க வேண்டியது அந்த முதல் மூன்று நாள்.

இருபது மூட்டை அரிசியை வாங்கி வைத்துக்கொண்டு, பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வரக்கூடிய வெள்ளத்துக்காகக் காத்திருந்தால் என்ன ஆகும்? வண்டுக்கும் எலிக்கும் அன்னதானம் செய்த புண்ணியம் கிடைக்கும். வாரச் சமையல் இருந்தால் அந்த நஷ்டமில்லை. வாரத்துக்கு நூறு சாப்பாடு போட 15 கிலோ அரிசி செல்லும். பழைய மூட்டை அடுப்புக்கு, புதிய மூட்டை கிடங்குக்கு என்று வைத்துக்கொண்டால், எட்டு மாதத்துக்குள் கிடங்கு முழுவதும் ஒரு சுற்று புதிதாகிவிடும். எந்த நாளில் வெள்ளம் வந்தாலும் மூட்டை இருபதும் நல்ல அரிசியாக இருக்கும்.

அரிசியைவிட முக்கியமானது பெயர்ப் பட்டியல். வாரந்தோறும் யார் யாருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறோம்? பிள்ளைகள் கடல் கடந்து போய்விடத் தனியே வசிக்கும் முதியவர்; கைம்பெண்; படுக்கையிலிருக்கும் நோயாளி; குடும்ப அட்டை இல்லாத வெளிமாநிலத் தொழிலாளி; கைக்குழந்தையோடு வாடகை அறையில் இருக்கும் இளந்தாய். வெள்ளம் வந்தால் முதலில் ஓடிப் போய்க் கதவைத் தட்ட வேண்டிய வீடுகள் எவை? இவையே அல்லவா? பசியின் பட்டியலும் ஆபத்தின் பட்டியலும் ஒன்றாயிருப்பதால், வாரம் ஒரு முறை சாப்பாடு கொண்டு செல்லும் தொண்டருக்கு இருட்டிலும் அந்த வாசற்படி தெரியும். யாருக்கு இன்சுலின் மருந்து வேண்டும், யாரால் மாடிப்படி ஏற முடியாது, யாருக்குக் காது கேளாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருக்கும். ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் எத்தனையோ வீடுகளில் வயோதிகத் தம்பதிகள் தனித்திருக்கிறார்கள். பெரிய மாளிகையாயிருந்தாலும் மின்சாரம் நின்று தண்ணீர்க் குழாய் வறண்டால், மூன்றாம் நாள் அவர்கள் நிலையும் குடிசைவாசியின் நிலையும் ஒன்றே.

சமையற் பக்குவமும் பழகித் தெரிய வேண்டியதே. கல்யாணச் சமையல் வேறு, வெள்ளத்துச் சமையல் வேறு. சாம்பார்ச் சாதத்தைச் சூட்டோடு பொட்டலம் கட்டினால் சில மணி நேரத்தில் ஊசிப் போகும். புளியோதரை மறுநாளும் கெடாது. நம் முன்னோர் தீர்த்த யாத்திரைக்குக் கட்டுச் சோறு கட்டிய ரகசியம் அது. பல்லில்லாத கிழவருக்குப் புளியோதரை உதவாது, கஞ்சி வேண்டும். குழந்தைக்குக் கஞ்சியும் போதாது, பால் வேண்டும். நனைந்த விறகை நம்பக்கூடாது. காஸ் உருளைகளைத் தண்ணீர் எட்டாத உயரத்தில் கட்டி வைக்க வேண்டும். பொன்மலையில் இந்த விஷயத்துக்கு ஆள் பஞ்சம் கிடையாது. தொழிற்சாலையில் இரும்போடு பழகி ஓய்வு பெற்ற கைகள் எத்தனை! பெரிய அடுப்புக்குக் கால் வைப்பதும், பம்பு பழுது பார்ப்பதும், குழாய் பூட்டுவதும் அவர்களுக்கு விளையாட்டு.

சோற்றுக்கு அடுத்தபடி தண்ணீர். வெள்ளத்தில் சாகாதவர்களை வெள்ளம் வடிந்த பிறகு வரும் வயிற்றுப்போக்கு கொண்டுபோய்விடும். 1,000 லிட்டர் தண்ணீருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கலந்து அரை மணி நேரம் வைத்திருந்து உபயோகிக்க வேண்டும். பேதி கண்டவர்களுக்கு ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொண்டு தன் தெருவுக்கே கற்பித்துவிடக்கூடிய விஷயங்கள் இவை. வெள்ளத்தில் பள்ளிக்கூடம்தான் முகாமாக மாறுகிறது. அதன் சத்துணவுக் கூடமே சமையலறையாகிறது. ஆகையால் அந்தக் கூடத்தின் சாவி விடுமுறை நாளில் யாரிடம் இருக்கும் என்பதை ஊரில் பத்துப் பேராவது அறிந்திருக்க வேண்டும். ஆசிரியத் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறோம்.

"இதெல்லாம் சர்க்கார் செய்யவேண்டிய வேலையல்லவா? வரி வாங்குகிறார்களே!" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நம் நாட்டில் இந்தக் கேள்விக்கு நீண்ட சரித்திரமும் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தின்போது, தில்லியில் 1877 ஜனவரி முதல் தேதி விக்டோரியாவைச் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்யும் தர்பார் நடந்துகொண்டிருந்தது. பஞ்ச நிவாரண வேலையில் கல்லுடைத்த ஆண் மகனுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் நிர்ணயித்தார். மனிதன் உழைத்து உயிர் வாழ இது காணாது என்று சென்னையின் சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். அப்பஞ்சத்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் மட்டும் மாண்டவர்கள் சுமார் 55 லட்சம். ஜனங்களுக்குப் பதில் சொல்லவேண்டிய அவசியமில்லாத சர்க்கார் எவ்வளவு தூரம் கண்ணை மூடிக்கொள்ளும் என்பதற்கு அது சாட்சி.

சுதந்திர பாரதத்தில் அந்த நிலைமை இல்லை. 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. மாவட்டந்தோறும் கலெக்டர் தலைமையில் ஓர் ஆணையம் இருக்கிறது. 1077 என்று தொலைபேசியில் சுழற்றினால் மாவட்டக் கட்டுப்பாட்டறை பேசும். 1070 என்றால் மாநிலக் கட்டுப்பாட்டறை. சர்க்கார் தன் கடமையில் தவறினால் கேட்க வேண்டும். உரக்கவே கேட்க வேண்டும். ஊர்ச் சங்கம் இருப்பதால் அந்தக் கேள்வி தளர்ந்துவிடக்கூடாது. ஆனால் எவ்வளவு நல்ல சர்க்காருக்கும் நம் தெருவில் மூன்றாவது வீட்டுப் பாட்டிக்குக் காது கேளாது என்பது தெரியாது.

ஒடிஸா மாகாணத்தைப் பாருங்கள். 1999 அக்டோபர் 29-ம் தேதி வீசிய பெரும்புயலில் அங்கே மாண்டவர்கள் ஏறக்குறைய பதினாயிரம் பேர். அதன் பிறகு கடலோரத்தில் புயல் காப்பகங்கள் எழுந்தன. அவற்றைப் பராமரிக்க ஊராரையே கொண்ட குழுக்கள் அமைந்தன. எச்சரிக்கவும், தூக்கிச் செல்லவும், சமைத்துப் போடவும் கிராமத்து வாலிபர்களும் பெண்களும் பயிற்சி பெற்றார்கள். 2013 அக்டோபர் 12-ம் தேதி பைலின் என்ற கடும்புயல் வந்தபோது சுமார் பத்து லட்சம் ஜனங்கள் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள். உயிரிழந்தோர் ஐம்பது பேருக்கும் குறைவு. சர்க்கார் மட்டும் செய்து முடித்த காரியமல்ல இது. ஜனங்கள் மட்டும் செய்ததும் அல்ல. இரண்டு கையும் தட்டியதால் எழுந்த ஓசை.

பந்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆழிப்பேரலைக்குப் பிறகு சில இடங்களில் தாழ்த்தப்பட்ட சமூகத்தாரும் இருளர்களும் முகாமில் ஒதுக்கப்பட்டு, நிவாரணம் கிட்டாமல் வருந்தினார்கள் என்று விசாரித்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கடல் பேதம் பார்க்கவில்லை; கரண்டி பார்த்தது! பொன்மலையிலிருந்து சற்றுத் தொலைவிலுள்ள வரகனேரியில் பிறந்த தேசபக்தர் வ. வே. சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில், சில பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்ட விஷயம் 1924, 1925-ம் வருஷங்களில் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே உலுக்கியதை நேயர்கள் அறிவார்கள். தேச விடுதலைக்காகச் சகலத்தையும் துறந்த ஒருவருடைய ஸ்தாபனத்திலேயே ஒரு பந்தி இரண்டானால் இவ்வளவு கசப்பு உண்டாகுமென்றால், வெள்ளத்தில் வீடிழந்து நிற்பவர்கள் மத்தியில் அது என்ன செய்யும்? ஒரே பானை, ஒரே பந்தி என்பதை வாரச் சமையலிலேயே பழக்கிவிட வேண்டும். ஆபத்து வந்த அன்றைக்குத் திடீரென்று சமத்துவம் பிறந்துவிடாது. அதுபோலவே, சோற்றுப் பொட்டலத்தை நீட்டியபடி வாங்குகிறவர் முகத்தைப் படம் பிடிக்கும் வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். பசியோடு கை நீட்டிய தாயின் படம் ஊர் ஊராகக் கைபேசியில் சுற்றுவது தானமாகாது.

கடைசியாகக் கணக்கு. 1924-ல் மலபாரும் அதே மழையில் மூழ்கியபோது மகாத்மா காந்தி தம் பத்திரிகைகளில் நிதி கேட்டு எழுதினார். பெண்கள் நகையைக் கழற்றித் தந்தார்கள்; குழந்தைகள் தாங்கள் குடிக்கும் பாலை நிறுத்தி அந்தக் காசைக் கொடுத்தார்கள். சுமார் ஏழாயிரம் ரூபாய் சேர்ந்தது. அணா பைசா வரையில் அதற்குக் கணக்கு இருந்தது. கோடிக்கணக்கில் நிதி திரளும் இக்காலத்தில் அத்தொகை அற்பமாகத் தோன்றலாம். ஆனால் குழந்தை குடிக்காத பாலுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற பயம் இருந்ததே, அது அற்பமல்ல. நம் சங்கமும் மாதந்தோறும் வரவு செலவை ஒரு தாளில் எழுதிச் சந்தை வாசலில் ஒட்டிவிட வேண்டும். கேட்டு யாரும் வராவிட்டாலும் ஒட்ட வேண்டும். நம்பிக்கை என்பது வெள்ளத்தன்று கடன் வாங்கக்கூடிய பொருளல்ல. முன்கூட்டியே சேர்த்து வைக்கவேண்டிய பொருள்.

இதற்கெல்லாம் நல்ல நாள் எது என்று பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை. ஆடிப் பதினெட்டே போதும். மேட்டூர் வெள்ளம் வரக்கூடிய காலம் அது. ஐப்பசி மழைக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் அவகாசம் இருக்கும். அன்று காலையில் காவேரிக்குப் படைத்துவிட்டு, மாலையில் தெருவார் ஒன்றுகூடி நான்கு காரியம் பார்க்கலாம்: மூட்டைகளை எண்ணுவது, பெயர்ப் பட்டியலைப் புதுப்பிப்பது, பெரிய அடுப்பை மூட்டி எரிகிறதா என்று சோதிப்பது, வருஷக் கணக்கைப் படிப்பது. இதற்கு இரண்டு மணி நேரம் போதும். அடுப்பு மூட்டியாயிற்று, சும்மா அணைப்பானேன்? அதிலேயே நூறு பேருக்குச் சமைத்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பலாம். முதல் இலையை மூன்றாவது வீட்டுப் பாட்டிக்குப் போடுங்கள். கூப்பிடும்போது கொஞ்சம் உரக்கக் கூப்பிடுங்கள்.